களவும் துப்பும்: காதல் கலந்த மர்மத் திரைப்படங்கள்



கவிஞர்கள் நிறைந்த அவையில் திரைப்படத்தைப் பேசலாமா, அதிலும் துப்பறியும் படத்தைப் பேசலாமா என்ற ஐயம் எழுதல் இயல்பு. துப்பறியும் கதை பொழுதுபோக்குக்கு உரியது, கவிதை ஆழ்ந்த உணர்வுக்கு உரியது என்ற பிரிவினை நெடுநாளாக நிலைத்துவிட்டது. ஆயினும் தமிழ்ச் சொல் ஒன்று அந்தப் பிரிவினையை மறுத்து நிற்கிறது. அச்சொல் 'களவு'. பிறர் பொருளை அவர் அறியாமல் கவர்ந்து கொள்வதும் களவு. ஊரும் உறவும் அறியாமல் இருவர் காதல் கொண்டு ஒழுகுவதும் களவு. குற்றத்துக்கும் காதலுக்கும் ஒரே பெயரைச் சூட்டிய மொழி இது. அக்களவுக்கு இலக்கணம் வகுக்கத் தொல்காப்பியம் ஓர் இயலையே ஒதுக்கியது. இறையனார் களவியல் அறுபது நூற்பாக்களில் தனி நூலாகவே எழுந்தது.

களவு இருக்குமிடத்தில் துப்பும் இருக்கும். அகப்பாடல்களில் துப்பறிவோர் பலர் உளர். அலர் தூற்றும் பெண்டிர் முதல் ஒற்றர். மகளின் மெலிவையும் நிறமாற்றத்தையும் கண்டு செவிலி தடயம் திரட்டுகிறாள். கட்டுவிச்சி நெல்லைக் கொண்டு குறி பார்க்கிறாள். வேலன் கழங்கை உருட்டி, இது முருகனால் வந்த நோய் என்று தவறான தீர்ப்பு வழங்குகிறான். உண்மையை அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் உரிய காலம் வரை வாய் திறவாள். திறக்கும்போது அது 'அறத்தொடு நிற்றல்' எனப் பெயர் பெறுகிறது. உண்மையை வெளியிடுதல் ஓர் அறம் என்றும், அதற்குக் காலமும் இடமும் உண்டு என்றும் அம்மரபு வகுத்தது. மர்மமும் காதலும் கலந்த திரைப்படங்களை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், அவை வேடிக்கைக் கதைகளாக மட்டும் நில்லாமல் ஒரு பழைய வினாவைப் புதிதாக எழுப்புவது புலப்படும். ஒருவரை நேசிப்பவர்க்கு அவரை முழுவதும் அறியும் உரிமை உண்டா என்பதே அவ்வினா.

துப்பறிவோனும் காதலனும் ஒரே செயலைச் செய்கின்றனர். இருவரும் ஒருவரைப் பின்தொடர்கின்றனர், அவர் சென்ற இடம், சந்தித்த ஆள், சொல்லாமல் விட்ட சொல் ஆகியவற்றை மனத்தில் குறித்துக் கொள்கின்றனர், உறக்கம் இழக்கின்றனர். வேறுபாடு முடிவில்தான் வருகிறது. துப்பறிவோனுக்கு முழு அறிவு கிட்டியதும் வழக்கு முடிந்து, கோப்பு மூடப்படுகிறது. காதலனுக்கோ அறிவு முழுமை பெறும் நாள் அச்சத்துக்குரிய நாள். இவ்விருவரையும் ஒரே உடலில் குடியேற்றினால் என்ன நேரும்? நான்கு படங்கள் நான்கு விடைகளைத் தருகின்றன.

முதற்படம் 'லாரா'. 1944இல் ஆட்டோ பிரமிங்கர் இயக்கத்தில் வெளிவந்தது. வேரா காஸ்பரி என்ற பெண் எழுத்தாளரின் நாவலைத் தழுவியது. நியூயார்க் நகரில் விளம்பரத் துறையில் பணியாற்றும் லாரா ஹன்ட் என்னும் பெண், தன் வீட்டு வாயிலில் துப்பாக்கியால் முகத்தில் சுடப்பட்டுக் கிடக்கிறாள் என்ற செய்தியோடு கதை தொடங்குகிறது. மார்க் மக்பெர்சன் என்ற துப்பறிவாளர் விசாரணைக்கு வருகிறார். உணர்ச்சி காட்டாத, சொல் குறைந்த மனிதர். விசாரணையின் பெயரால் அவர் அவளது கடிதங்களையும் நாட்குறிப்பையும் படிக்கிறார். ஆடை அலமாரியைத் திறக்கிறார். நறுமணப் புட்டியை முகர்கிறார். சுவரில் அவளது ஓவியம் தொங்குகிறது. மெல்ல மெல்ல, இறந்து போன ஒருத்தியிடம் அவர் மனத்தைப் பறிகொடுக்கிறார்.

ஓர் இரவு அந்த ஓவியத்தின் கீழ் நாற்காலியில் அவர் உறங்கிவிடுகிறார். கதவு திறக்கிறது. லாரா உள்ளே வருகிறாள். அவள் வார இறுதியைக் கழிக்க நாட்டுப்புற வீட்டுக்குச் சென்றிருந்தாள். அங்கிருந்த வானொலிப் பெட்டி பழுதுபட்டிருந்ததால் தன் மரணச் செய்தி அவளுக்கு எட்டவில்லை. கொலையுண்டவள் வேறு ஒருத்தி. அந்தக் கணத்தில் காதலனுக்கு மகிழ்ச்சி, துப்பறிவாளனுக்குச் சிக்கல். கொலையுண்டவளாகக் கருதப்பட்டவள் இப்போது கொலை செய்தவளாக இருக்கலாம் அல்லவா? இறந்தவளை ஐயமின்றி நேசிக்க முடிந்தது. உயிரோடு வந்தவளை ஐயுற வேண்டியிருக்கிறது.

இப்படத்தின் உயர்ந்த இடம் காவல் நிலையக் காட்சி. மக்பெர்சன் அவளை அழைத்துச் சென்று, கண்ணைக் கூசச் செய்யும் விளக்குகளின் முன் அமர்த்தி வினவுகிறார். வெளிச்சம் அவளை வருத்துகிறது. அவர் விளக்கை அணைக்கிறார்; கேள்வியைத் தொடர்கிறார். அவள் குற்றமற்றவள் என்பதில் தமக்கு ஏறக்குறைய உறுதி இருந்தது, எஞ்சிய சிறு ஐயத்தைப் போக்கவே இவ்விடம் தேவைப்பட்டது என்று விளக்கம் கூறுகிறார். எஞ்சிய அந்தச் சிறு பங்கில்தான் படத்தின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. காதலன் அந்தச் சிறு ஐயத்தோடே வாழப் பழகியிருப்பான். துப்பறிவோன் அதைத் துடைத்தெறிய வேண்டியவன். மக்பெர்சன் விளக்கை அணைத்தது காதலனின் செயல். கேள்வியை நிறுத்தாதது காவலரின் செயல். இப்படம் இருவரையும் சமாதானப்படுத்தி மகிழ்ச்சியான முடிவைத் தருகிறது. ஒளியையும் நிழலையும் இவ்வாறு ஆண்ட ஜோசப் லாஷெல்லின் ஒளிப்பதிவு ஆஸ்கர் விருது பெற்றது.

சமாதானம் கிட்டாத படம் 'வெர்டிகோ'. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1958இல் வெளிவந்தது. பிரெஞ்சு எழுத்தாளர்களான புவாலோ, நார்ஸெஜாக் இருவரும் இணைந்து 1954இல் வெளியிட்ட நாவலே இதற்கு மூலம். வெளிவந்த காலத்தில் பெரும் பாராட்டைப் பெறாத இப்படம், 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2012இல் உலகத் திறனாய்வாளரிடம் நடத்திய கருத்துக் கணிப்பில் 'சிட்டிசன் கேன்' படத்தைப் பின்தள்ளி முதலிடம் பெற்றது. 2022இல் இரண்டாம் இடத்துக்கு வந்தது.

உயரத்தைக் கண்டு தலைசுற்றும் நோயால் காவல் பணியை விட்ட ஸ்காட்டி என்பவரிடம், பழைய நண்பன் ஒருவன் தன் மனைவி மேடலினைப் பின்தொடருமாறு வேண்டுகிறான். இறந்துபோன மூதாதை ஒருத்தியின் ஆவி அவளைப் பற்றியிருக்கிறது என்பது அவன் கூற்று. சான் பிரான்சிஸ்கோவின் சரிவான தெருக்களில் ஸ்காட்டியின் கார் அவள் காரைத் தொடர்கிறது. பூக்கடை, கல்லறைத் தோட்டம், ஓவியக் கூடம் எனப் பேச்சே இல்லாமல் நெடுநேரம் நகரும் அப்பகுதியில், பெர்னார்ட் ஹெர்மனின் இசையே உரையாடலின் இடத்தை நிரப்புகிறது. பின்தொடர்தல் காதலாக மாறுவதை எந்தச் சொல்லும் அறிவிப்பதில்லை. பின்னர் சான் குவான் பௌடிஸ்டா தேவாலயத்தின் மணிக்கூண்டில் அவள் ஏறுகிறாள். படிகளில் தலைசுற்றி ஸ்காட்டி நின்றுவிடுகிறார். உடல் ஒன்று கீழே விழுகிறது.

மனம் உடைந்த அவர் சில காலத்துக்குப் பின் ஜூடி என்ற கடைப் பணிப்பெண்ணைத் தெருவில் காண்கிறார். சாயல் மேடலினுடையது. இங்கே ஹிட்ச்காக் ஒரு துணிவான செயலைச் செய்கிறார். நாவலில் இறுதி வரை மறைக்கப்பட்ட உண்மையை, படம் முடிவதற்கு நெடுமுன்பே பார்வையாளர்க்குத் திறந்து விடுகிறார். ஜூடி ஒரு கடிதம் எழுதுகிறாள். மேடலினாக நடித்தவள் தானே. உண்மையான மனைவியைக் கொன்ற கணவன் அவ்வுடலைக் கூண்டிலிருந்து எறிந்தான். நடிப்பின் நடுவே தான் ஸ்காட்டியை உண்மையாகவே காதலித்துவிட்டேன் என்பன அதன் செய்திகள். எழுதியதை அவளே கிழித்தும் விடுகிறாள்.

மர்மத்தை நடுவழியில் உடைத்தது பிழை என்று அக்காலத்தில் கருதியோர் இருந்தனர். வெறியாட்டுப் பாடல்களை அறிந்த தமிழ் வாசகர்க்கு அது பிழையாகத் தோன்றாது. வேலன் களம் இழைத்து ஆடும்போது, நோய் தலைவனால் வந்தது என்பது தலைவிக்கும் தோழிக்கும் தெரியும். பாடலைக் கேட்பவர்க்கும் தெரியும். தெரியாதவர்கள் வேலனும் தாயும் மட்டுமே. அப்பாடல்களின் சுவை 'யார் காரணம்' என்ற கேள்வியில் இல்லை. அறிந்தவர் மௌனத்தின் அருகே அறியாதவர் ஆரவாரம் நிகழ்வதில் இருக்கிறது. ஜூடியின் கடிதத்துக்குப் பின் ஸ்காட்டி அவளுக்குச் சாம்பல் நிற உடை வாங்குவதும், கூந்தலைப் பொன்னிறமாக்கச் சொல்வதும், கொண்டையை மாற்றச் சொல்வதும் அத்தகைய வெறியாட்டே. இறந்தவளை எழுப்ப அவர் ஆடுகிறார். எழுப்பப்படுபவள் உயிரோடு எதிரே நின்று நோகிறாள். தன்னைத் தானாகவே நேசிக்கும்படி அவள் இரப்பது அவர் செவியில் விழவில்லை.

ஒரு கழுத்தணி உண்மையைக் காட்டிக் கொடுக்கிறது. அவர் அவளை மீண்டும் அதே மணிக்கூண்டுக்கு இழுத்துச் செல்கிறார். இம்முறை உச்சி வரை ஏறிவிடுகிறார். நோய் நீங்குகிறது, வழக்கு தீர்கிறது, இருளில் தோன்றிய கன்னிகாமாதின் உருவைக் கண்டு அஞ்சிய ஜூடி விழுந்து இறக்கிறாள். துப்பறிவோன் வென்ற அதே படியில் காதலன் அனைத்தையும் இழந்தான். முழு அறிவின் விலை இதுவென்று காட்டுவதில் இப்படத்தை மிஞ்சியது அரிது.

மூன்றாவது படம் தமிழர் நன்கறிந்த 'புதிய பறவை'. 1964இல் சிவாஜி கணேசன் தயாரித்து நடிக்க, தாதா மிராசி இயக்கி, ஆரூர்தாஸ் உரையாடல் எழுதிய வண்ணப் படம். அதன் வேர் தமிழகத்தில் இல்லை. மைக்கேல் ஆண்டர்சன் இயக்கி 1958இல் வந்த 'சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ' என்ற பிரிட்டிஷ் படத்தின் சாயலில் 1963இல் வங்காளத்தில் 'சேஷ் அங்கோ' உருவாயிற்று. உத்தம் குமாரும் சர்மிளா தாகூரும் நடித்த அவ்வங்கப் படத்தின் தமிழாக்கமே புதிய பறவை.

இம்மூன்றிலும் முடிச்சு ஒன்றே. இறந்தவர் என்று கருதப்பட்டவர் உயிரோடு திரும்பி வந்து உரிமை கோருகிறார். அவர் போலி என்பதை ஐயமின்றி அறிந்தவர் உலகில் ஒருவரே. ஏனெனில் உண்மையானவரைக் கொன்றவர் அவர். போலியை மறுக்க வேண்டுமானால் தம் கொலையை ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் படத்தில் திரும்பி வருபவர் ஓர் அண்ணன். வங்கமும் தமிழும் அவ்விடத்தில் மனைவியை வைத்தன. அந்த ஒரு மாற்றத்தால் சொத்துக் கதை காதற்கதை ஆயிற்று.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும் கோபால், லதா என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவளும் அவள் தந்தையும் உதகையில் அவன் மாளிகையில் விருந்தினராகத் தங்குகின்றனர். ரயிலைக் கண்டால் அவன் நடுங்குவதை அவள் பார்க்கிறாள், காரணம் கேட்கிறாள். முதல் மனைவி சித்ரா சிங்கப்பூரில் ரயிலில் விழுந்து மாண்ட கதையை அவன் சொல்கிறான். காதல் வளர்கிறது, மணம் உறுதியாகும் வேளையில், மாண்ட சித்ராவே மாமன் ரங்கனோடு வந்து நிற்கிறாள். அதன்பின் கோபால் காட்டும் சான்று எதுவும் எடுபடுவதில்லை. இறுதியில், லதாவாவது தன்னை நம்ப வேண்டும் என்ற தவிப்பில் அவன் உண்மையைக் கொட்டிவிடுகிறான். சினத்தில் தான் அடித்த அடியில் சித்ரா மாண்டதும், உடலை இருப்புப்பாதையில் கிடத்தித் தற்கொலையாகக் காட்டியதும் வெளிப்படுகின்றன. அப்போதுதான் லதா, தந்தை, மாமன் அனைவரும் காவல் துறையினர் என்பது தெரிகிறது.

மக்பெர்சனும் ஸ்காட்டியும் காதலில் விழுந்த துப்பறிவோர். லதாவோ காதலையே துப்பறியும் கருவியாக ஏந்தியவள். கேள்விகள் ஒவ்வொன்றும் காதலியின் குரலில் கேட்கப்பட்டன. விடைகள் ஒவ்வொன்றும் வழக்குக் கோப்பில் சேர்ந்தன. ஆயினும் நடிப்பாகத் தொடங்கியது உண்மையாகிவிட்டது என்று அவள் இறுதியில் கூறுகிறாள். ஜூடி கிழித்துப் போட்ட கடிதத்தின் செய்தியை லதா அனைவர் முன்னும் வாயால் சொல்கிறாள் எனலாம். தோழியின் அறத்தொடு நிற்றல் காதலரைச் சேர்த்து வைக்க உண்மையை வெளியிடும். லதாவின் அறத்தொடு நிற்றல் காதலனைச் சிறைக்கு அனுப்ப உண்மையை வெளிக்கொணர்கிறது. இரண்டும் அறமே, இரண்டாவது அறம் அதைச் செய்பவளையே அறுக்கிறது. கோபாலை வீழ்த்தியது அவன் செய்த குற்றம் மட்டும் அன்று. ஒருத்தியிடமாவது பொய்யின்றி நிற்க வேண்டும் என்ற ஆசையும் அவனை வீழ்த்தியது. காதலில்லாத குற்றவாளியாக இருந்திருந்தால் அவன் தப்பியிருக்கக் கூடும். இந்த முரண்தான் படத்தை அறுபது ஆண்டுகளாக உயிரோடு வைத்திருக்கிறது.

விசுவநாதன், ராமமூர்த்தி இருவரின் இசையும் இங்கே துப்புத் துலக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொள்கிறது. சித்ரா இரவு விடுதியில் பாடும் பாடல் மகிழ்ச்சியும் துயருமாக இரு வடிவங்களில் ஒலிக்கிறது. நினைவு இருக்கிறதா என்று வினவும் அந்தப் பாடல், முதலில் காதல் அழைப்பு. பின்னர் அதுவே குற்ற விசாரணை. பத்து ஆண்டுகளுக்கு முன் 1954இல், எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' படத்தைப் பாடலே இல்லாமல் எடுத்துக் காட்டினார். அங்கும் கொலையுண்டவனை நேசித்த மனைவியே முடிச்சின் உள்ளே நின்றாள். பாடல் இன்றியும் மர்மம் வளரும் என்று அப்படம் நிறுவியது. பாடலையே தடயமாக்கலாம் என்று புதிய பறவை நிறுவியது.

இவ்விடத்தில் பாராட்டை நிறுத்தி ஒரு குறையைச் சுட்ட வேண்டியுள்ளது. இம்மூன்று படங்களிலும் உண்மையில் கொலையுண்ட பெண் யார்? 'லாரா'வில் முகம் சிதைந்து கிடந்தவள் டயேன் ரெட்ஃபெர்ன் என்ற விளம்பர அழகி. லாரா உயிரோடு வந்ததும் டயேனுக்காக வருந்துவோர் எவரும் இல்லை. 'வெர்டிகோ'வில் கணவனால் கொல்லப்பட்ட உண்மையான மேடலின் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கூண்டிலிருந்து விழும் உடலாக மட்டுமே வந்து போகிறாள். 'புதிய பறவை'யில் சித்ராவுக்கு முகமும் குரலும் உண்டு, சௌகார் ஜானகியின் மிடுக்கும் உண்டு. ஆனால் அவள் வாழ்க்கை முழுவதும் கோபாலின் வாய்மொழியாகவே வருகிறது. மது அருந்துபவள், இரவில் திரிபவள், குடும்ப மானத்தைக் குலைத்தவள் என்ற சித்திரத்தை வரைந்தவன் அவளைக் கொன்றவன். அவன் கூறிய சாவுக் கதை பொய்யென்று படம் நிறுவிய பின்னும், அவன் கூறிய வாழ்க்கைக் கதையை எவரும் ஐயுறுவதில்லை. லதாவும் ஐயுறுவதில்லை, காவல் துறையும் ஐயுறுவதில்லை, அரங்கில் கண்ணீர் விட்டோரும் ஐயுறவில்லை.

காதலின் ஒளி உயிரோடு இருப்பவர் மேல் விழும்போது இறந்தவள் இருளுக்குள் தள்ளப்படுகிறாள். மர்மக் கதை இறந்தவர்க்கு நீதி தேடுவதாகச் சொல்லிக்கொள்ளும் வடிவம். அதனுள் காதல் புகுந்ததும் நீதி தேடப்படுபவள் மறக்கப்படுகிறாள் என்பது இக்கலப்பின் அடிப்படைக் குறை. நடிப்பின் பெருமையையும் இசையின் இனிமையையும் போற்றும் அதே வாயால் இதையும் சொல்வது இலக்கிய வட்டங்களின் கடமை.

நான்காவது படம் அண்மையது. பார்க் சான்-வூக் இயக்கிய கொரியப் படமான 'டிசிஷன் டு லீவ்' 2022இல் வெளிவந்து, அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது. பூசான் நகரத் துப்பறிவாளர் ஹே-ஜுன் உறக்கம் வராத நோயாளி. தீராத வழக்குகளின் படங்களைச் சுவரில் ஒட்டி வைத்து அவற்றோடு விழித்திருப்பவர். மலையிலிருந்து விழுந்து இறந்த ஒருவனின் மனைவி சோ-ரே விசாரணைக்கு வருகிறாள். அவள் சீனப் பெண். முதியோரைப் பராமரிக்கும் பணி செய்பவள். கொரிய மொழியைத் தொலைக்காட்சிச் சரித்திரத் தொடர்கள் வழியாகக் கற்றவள்.

கவிஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி இங்கே வருகிறது. இப்படத்தில் முதல் தடயம் கைரேகையோ இரத்தக் கறையோ அன்று, ஒரு சொல். மலைக்குப் போன கணவன் திரும்பாதபோது, அவன் இறந்து விடுவானோ என்று அஞ்சியதாக அவள் கூறுகிறாள். அவ்வாக்கியத்தில் 'ஒருவழியாக, இறுதியில்' என்று பொருள்படும் கொரியச் சொல்லைச் சேர்த்துவிடுகிறாள். எதிர்பார்த்தது நிறைவேறுவதைக் குறிக்கும் சொல் அது. அயல்மொழிக்காரியின் பிழையா, உள்ளத்தின் உண்மையா என்று தீர்மானிக்க இயலாமல் துப்பறிவாளர் அந்தச் சொல்லிலேயே சிக்கிக்கொள்கிறார். நுட்பமாகச் சொல்ல வேண்டியபோதெல்லாம் அவள் சீனத்தில் பேச, கைப்பேசி உணர்ச்சியற்ற குரலில் மொழிபெயர்க்கிறது. காதல் பேச்சு, மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் நிகழ்கிறது.

கைப்பேசி ஒன்றில் பதிவான ஏறிய மாடிகளின் எண்ணிக்கை, அவளே மலையேறிக் கணவனைக் கொன்றாள் என்பதை அவருக்கு உணர்த்துகிறது. அவர் அவளைக் கைது செய்யவில்லை. தாம் முற்றிலும் தகர்ந்துபோனதாகக் கூறி, அக்கைப்பேசியை எவர்க்கும் கிட்டாதபடி ஆழ்கடலில் எறிந்துவிடச் சொல்லிப் பிரிகிறார். 'தகர்தல்' என்பதற்கு அவர் ஆண்ட சொல் அவளுக்குப் புதிது. அகராதியில் அதன் பொருளைத் தேடுகிறாள். தன் கடமையையும் பெருமையையும் உடைத்துத் தன்னைக் காத்த அந்தச் சொற்களையே அவள் காதலின் வாக்குமூலமாக ஏற்கிறாள். 'காதல்' என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை. பின்னாளில் அதை நினைவூட்டும்போது, தாம் எப்போது அப்படிச் சொன்னோம் என்று அவரே வியக்கிறார். சொல்லியவர்க்கே தெரியாத பொருள் கேட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது.

முடிவு கடற்கரையில் நிகழ்கிறது. தீர்ந்த வழக்குகளை அவர் மறந்துவிடுவார், தீராதவற்றோடு மட்டுமே விழித்திருப்பார் என்பதை அவள் அறிவாள். ஆகவே தீராத வழக்காகவே ஆகிவிட முடிவு செய்கிறாள். மணலில் குழி தோண்டி அதனுள் அமர்கிறாள். அலை ஏறி மணலை மூடுகிறது. தேடி வந்த அவர், அவள் புதைந்த இடம் அறியாமல் அம்மணல் மேலேயே நடந்து பெயர் சொல்லிக் கூவுகிறார். 'வெர்டிகோ'வில் அறிவு முழுமையுற்றதால் காதல் மாண்டது. இங்கே காதல் மாளாமல் இருப்பதற்காக அறிவு முழுமையுறாமல் தடுக்கப்படுகிறது. அதன் விலையும் ஓர் உயிரே என்பதை மறைக்காதது இப்படத்தின் நேர்மை.

இந்நான்கு படங்களையும் ஒருங்கே வைத்தால் ஒரு படிமுறை தெரிகிறது. முதலாவது, அறிந்தும் நேசிக்கலாம் என நம்பியது. இரண்டாவது, அறிதல் நேசத்தைக் கொல்லும் என்றது. மூன்றாவது, நேசமே அறியும் கருவியாகி இருவரையும் காயப்படுத்துவதைக் காட்டியது. நான்காவது, அறியப்படாமல் எஞ்சும் ஒரு பங்கே நேசத்தின் இருப்பிடம் என்கிறது.

அகத்திணை மரபு இதை வேறொரு வழியில் முன்பே உணர்ந்திருந்தது. அகப்பாடலில் தலைவன் பெயரோ தலைவி பெயரோ சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பிய விதி. துப்பறியும் கலையோ பெயரைக் கண்டுபிடிக்கவே பிறந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குறுந்தொகைத் தலைவி யார் என்று எந்த அதிகாரியும் கண்டறிந்ததில்லை. கண்டறிய வேண்டும் என்று எந்த வாசகரும் விரும்பியதில்லை. உள்ளுறையும் இறைச்சியும் வாசகரைத் துப்பறியச் செய்கின்றன; ஆனால் ஒப்புதல் வாக்குமூலம் வாங்க அனுமதிப்பதில்லை. பூவையும் வண்டையும் கொண்டு தலைவனின் பிழையைத் தோழி சுட்டும்போது, அவன் செய்த குற்றம் தெரிகிறது, அவன் பெயர் தெரிவதில்லை.

ஆயினும் பெயரின்மைக்கு ஓர் எல்லை உண்டு. காதலர்க்குப் பெயரின்மை காப்பு. கொலையுண்டவர்க்குப் பெயரின்மை அநீதி. டயேன் ரெட்ஃபெர்னுக்கும், ஒரு சொல்லும் பேசாத மேடலினுக்கும், தன் கதையைத் தானே சொல்ல வாய்ப்பில்லாத சித்ராவுக்கும் தேவைப்பட்டது உள்ளுறையன்று, பெயரும் சாட்சியும். எதை அறியாமல் விடுவது பண்பு, எதை அறியாமல் விடுவது குற்றம் என்று பிரித்துணர்வதே இவ்வகைப் படங்கள் பார்வையாளரிடம் எதிர்பார்க்கும் பயிற்சி. அப்பயிற்சியை அவை தாமே பல வேளைகளில் தவறவிட்டன என்பதும் மேலே காட்டப்பட்டது.

கவிதையை வாசிப்போர்க்கும் இப்பயிற்சி உரியது. கவிதையை விளக்கொளியில் அமர்த்தி, நீ சொல்ல வந்தது என்ன என்று மிரட்டும் திறனாய்வு உண்டு. கவிஞரின் வாழ்க்கையைத் துருவி, இவ்வரி இன்னாரைக் குறிக்கிறது என்று தீர்ப்பு எழுதும் திறனாய்வும் உண்டு. விளக்கை அணைத்துவிட்டுக் கேள்வியைத் தொடரும் மக்பெர்சனின் முறை இவற்றினும் மேலானது. ஒரு சொல்லுக்காக அகராதியைத் திறந்து காத்திருக்கும் சோ-ரேயின் முறை அதனினும் மேலானது. பத்தாண்டுகளாகக் கவிதைகளைக் கூடி வாசித்து வரும் ஒரு வட்டத்துக்கு இரண்டு கடமைகள் உள்ளன. சொல்லப்படாமல் நிற்கும் காதலைச் சொல்லப்படாமலே நிற்க விடுவது ஒன்று. சொல்ல வாய்ப்பின்றிப் புதைக்கப்பட்டவர்களின் கதையைத் தோண்டிக் கேட்பது மற்றொன்று. இரண்டும் ஒரே காதால் ஆகக்கூடியவையே.